இருபத்திரண்டு மில்லியும் ஒரு லாக்டோமீட்டரும்

1988 நவம்பர் 18, வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். ராஜபாளையத்தில் தூறல். மேற்கே மலை இருக்க வேண்டிய இடத்தில் மேகம்தான் இருந்தது. இதெல்லாம் எனக்கு நினைவிருப்பதாகச் சொல்ல மாட்டேன், நோட்டில் இருக்கிறது.

ஒரு குறையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எதையும் எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டு மாடிப்படி பதினைந்து. காலையில் நான் விழுங்கும் மாத்திரை ஐந்து. கல்யாணப் பந்தியில் எனக்கு முன்னால் எத்தனை இலை என்று பார்க்காமல் உட்கார்ந்ததில்லை. (எண்ணி முடிப்பதற்குள் பாயசம் தாண்டிப் போய்விடும்.) நான் நூற்பாலையில் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன். நூற்றிருபது கெஜம் நூலை அளந்து சுற்றி, எடை போட்டு, இது இத்தனையாம் நம்பர் நூல் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். என் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டி வெளியே போகாது. பதினோரு வருடம் இப்படி இருந்த ஒருவனிடம் ஒரு புட்டித் தாய்ப்பாலைக் கொடுத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் பஸ்ஸில் அனுப்பி வைத்தார்கள். தப்பு முழுக்க என்னுடையது மட்டுமில்லை என்று இன்றைக்கும் எனக்கு ஒரு எண்ணம் உண்டு. வீட்டில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

என் மகள் எட்டு வாரம் முன்னதாகவே பிறந்துவிட்டாள். எடை 1,420 கிராம். என் மனைவி கோமதிக்கு ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுத்தார்கள். அவள் ராஜபாளையத்தில், பிரசவ ஆஸ்பத்திரியில் கிடந்தாள். குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும் என்றார்கள். எங்களுக்கு எட்டிய தூரத்தில் அது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. கதவில் ‘தீவிர சிகிச்சைப் பிரிவு’ என்று பலகை. உள்ளே இரண்டு கண்ணாடிப் பெட்டி, ஒரு ஃபிரிட்ஜ், ஞானம் சிஸ்டர். பெட்டிக்கும் ஃபிரிட்ஜுக்கும் கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டு. சிஸ்டருக்கு அதுவும் தேவைப்படவில்லை. எப்போது போனாலும் நின்றுகொண்டுதான் இருப்பார்.

அவ்வளவு சின்னக் குழந்தைக்குச் சப்பிக் குடிக்கத் தெரியாது. மூக்கு வழியாக வயிறு வரைக்கும் மெல்லிய குழாய் ஒன்று போட்டிருந்தார்கள். சிஸ்டர் ஊசியில்லாத சிரிஞ்சை அந்தக் குழாயில் மாட்டி, அதில் தாய்ப்பாலை ஊற்றி, கையை உயர்த்திப் பிடிப்பார். பால் தன்னால் இறங்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஏழு மில்லி. இறங்கி முடிய நான்கு நிமிடம் ஆகும், சில வேளை ஆறு. (கண்ணாடிக்கு வெளியே நின்று நான் பார்த்த கணக்கு.) பொடிப்பாலை இந்தக் குடல் தாங்காது, தாயுடைய பால்தான் கொடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆகவே நான் பால்காரன் ஆனேன். ஒரு நாளைக்கு நான்கு நடை. கடைசி நடையில் ராத்திரிக்கும் சேர்த்து. கோமதி தையல் போட்ட வயிற்றைத் தலையணையால் அணைத்துக்கொண்டு, கொதிக்க வைத்த எவர்சில்வர் தம்ளரில் கையால் பீய்ச்சுவாள். ஒவ்வொரு சொட்டாக விழும். அங்கிருந்த நர்ஸ் அதைச் சுத்தமான கண்ணாடிப் புட்டியில் ஊற்றி மூடி, பிளாஸ்திரியில் பெயரையும் நேரத்தையும் எழுதி ஒட்டித் தருவார். நான் அதை ஐஸ் போட்ட டிபன் பாக்ஸில் வைத்து, மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் உட்காருவேன். ஞானம் சிஸ்டர் எனக்குப் போட்ட உத்தரவு ஒன்றே ஒன்று: வழியில் மூடியைத் திறக்கக் கூடாது.

பதினாறு நடை திறக்காமல் இருந்தேன். இதையும் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

பதினேழாவது நடைதான் அந்த வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தைய நாள் குழந்தையின் எடை 1,310. பிறந்ததிலிருந்து நூற்றுப் பத்துக் கிராம் குறைந்திருந்தது. முதல் வாரம் குறையத்தான் செய்யும், பொறவு ஏறும் என்று டாக்டரம்மா சொன்னார். நான்கு தடவை கேட்டேன். நான்கு தடவையும் அதையேதான் சொன்னார். எனக்கு ஆறவில்லை. ஏனென்றால் பாலின் நிறம் மாறியிருந்தது. முதல் இரண்டு மூன்று நாள் மஞ்சளாக, பிசுபிசுப்பாக இருந்த பால், வெள்ளையாகி, பிறகு லேசாக நீலம் கட்டி, அரிசி கழுவிய தண்ணீர் போல ஆகிவிட்டது. புட்டியை ஆடாமல் பிடித்திருந்தால் மேலே ஒரு மெல்லிய ஆடை, கீழே தண்ணீர். நூலில் இப்படி நிறம் மாறினால் மொத்தச் சரக்கையும் நிறுத்தி வைப்போம். பிள்ளை இளைக்கிறது, பால் தண்ணீராக இருக்கிறது. இரண்டையும் முடிச்சுப் போட ஒரு பெரிய மூளை வேண்டியதில்லை. மூன்று நாளில் ஐந்து மணி நேரம் தூங்கிய மூளையே போதும்.

அன்று காலை கோமதிக்கு இருபத்திரண்டு மில்லிதான் கிடைத்தது. அதற்கு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. புட்டியை என்னிடம் கொடுக்கும்போது, “மூணு வேளைக்கு வரும். சிந்தாமக் கொண்டு போங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஒரு பால்கோவாக் கடை. பின்கட்டில் விறகடுப்பு. தெரு முழுக்கப் பாலும் சீனியும் சுண்டுகிற வாசனை. முன்னால் பெஞ்சு போட்டு உட்கார்ந்து, கடைக்கார அண்ணாச்சி பால் வாங்கிக்கொண்டிருப்பார். செண்பகத்தோப்புப் பக்கமிருந்து சைக்கிளில் கேன் கட்டி வருகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். அவர் ஒவ்வொரு கேனிலிருந்தும் ஒரு நீளத் தகரக் குவளையில் பாலை ஊற்றி, அதில் லாக்டோமீட்டரை மிதக்க விடுவார். கண்ணாடிக் குழல் நின்றால் பால், அமிழ்ந்தால் தண்ணீர். பிறகு கட்டைவிரல் நகத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார். கடைசியாக நாக்கில் வைத்துப் பார்ப்பார். நான்கு நாளாக நான் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டே போனேன். சோதனைக் கருவி, சோதிக்கத் தெரிந்த ஆள், சந்தேகத்துக்குரிய சரக்கு. மூன்றும் ஒரே தெருவில்.

அன்றைக்கு நான் வரிசையில் நின்றுவிட்டேன்.

எனக்கு முன்னால் மூன்று பேர். மூன்று பேருக்கும் சேர்த்து ஐந்து கேன். கடைசியாக நான், டிபன் பாக்ஸோடு. அண்ணாச்சி அந்த வருடம் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார்; கறுப்பு வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம். மாலை போட்டவர்கள் எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். என்னையும் கூப்பிட்டார்.

“எத்தனை லிட்டரு சாமி?”

இருபத்திரண்டு மில்லி என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். சாம்பிள் என்றேன். (மில் பேச்சு.) அது அவருக்குப் புரிந்தது. டிபன் பாக்ஸிலிருந்து புட்டியை எடுத்து, நானே மூடியைத் திறந்து, நானே அந்தத் தகரக் குவளையில் ஊற்றினேன். இந்த இடத்தில் என் மகள் எப்போதும், ‘ஊத்தும்போது கை நடுங்கலையாப்பா?’ என்று கேட்பாள். நடுங்கவில்லை. சோதனைக் கூடத்தில் என் கை நடுங்காது. அதுதான் பெருமை.

ஒரு முழம் உயரக் குவளையில் இருபத்திரண்டு மில்லி எந்த மூலைக்கு? அடியில் ஒரு விரற்கடை நின்றது. லாக்டோமீட்டர் நேராகப் போய் டங்கென்று அடித்தகரத்தைத் தொட்டது. அண்ணாச்சி அதை எடுத்துத் துடைத்துவிட்டு, குவளையைச் சாய்த்து நகத்தில் ஒரு சொட்டு விட்டார். சொட்டு நிற்காமல் ஓடிவிட்டது. உதட்டைப் பிதுக்கினார். மாடா, ஆடா என்று கேட்டார். சாம்பிள் என்று மறுபடியும் சொன்னேன். எந்த ஊர் என்றார். ராஜபாளையம் என்றேன். பிறகு விரல் நுனியில் இன்னொரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தார்.

கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு சப்புக்கொட்டினார்.

“தண்ணி சாமி. பாதிக்குப் பாதி தண்ணி. அதோட விட்டாத் தேவலை, சீனி வேற போட்டிருக்கீங்க. முப்பது வருசமா பாலு வாங்குதேன், எங்கிட்டேயே கொண்டாந்து நீட்டுதீங்களே. மாலை போட்டிருக்கேன், வாயில நல்லா வருது, அடக்கிக்கிடுதேன்.”

ஒரு எட்டு பின்னால் நகர்ந்தேன். அவர் திட்டியதற்காக இல்லை. நான் நினைத்தது சரியாகப் போய்விட்டதே என்றுதான். என் பிள்ளைக்கு இத்தனை நாளாகத் தண்ணீர்தான் போயிருக்கிறது. இனிமேல் என்ன செய்வது, எங்கே போவது என்று நான் நின்றுகொண்டிருந்தபோது, எனக்கு முன்னால் பால் ஊற்றிவிட்டுக் காசுக்காக நின்ற ஒரு பால்கார அம்மா என் கையிலிருந்த வெற்றுப் புட்டியைக் குனிந்து பார்த்தார். பிளாஸ்திரியில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார். “கோ-ம-தி. கு-ழ-ந்-தை. ஆறு பத்து.” தலையை நிமிர்த்தினார்.

“ஏ சாமி, மாடுமில்ல ஆடுமில்ல. அது புள்ளைக்குப் பெத்தவ பாலு.”

அண்ணாச்சியின் விரல் இன்னும் உதட்டுப் பக்கத்திலேயே இருந்தது. அதை மெதுவாகக் கீழே இறக்கினார். கோபுரம் இருக்கிற திசை பார்த்துத் திரும்பி, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். ஏழு தடவை. பிறகு குவளையில் இருந்ததைத் தன்னுடைய வடிதுணி வழியாக, ஒரு சொட்டுக் கூட வெளியே விழாமல் என் புட்டியில் திருப்பி ஊற்றினார். புட்டியில் அளவுக் கோடு உண்டு. பார்த்தேன். பத்தொன்பது. குவளை சாப்பிட்டதும் துணி குடித்ததும் போக மூன்று மில்லி குறைந்திருந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தபோது மணி ஏழு முப்பத்தைந்து. புட்டியைச் சிஸ்டரிடம் கொடுத்தேன். பிளாஸ்திரி சரியாக இருந்தது, மூடி சரியாக இருந்தது, ஐஸ் கூட அவ்வளவாக உருகவில்லை. என் முகத்தைப் பார்த்து, போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வாங்க தம்பி என்றார். நான் போகவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்றேன். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று இருபத்தைந்து நிமிடம் யோசித்தேன். அந்தக் குவளையில் அன்று எத்தனை கேன் பால் இறங்கியிருக்கும், அந்த வடிதுணி கடைசியாக எப்போது வெந்நீரைப் பார்த்திருக்கும், அண்ணாச்சி எத்தனை தடவை விரலை வாயில் வைத்திருப்பார் என்று கணக்குப் போட்டேன். எந்தக் கணக்கும் நேராகவில்லை. உள்ளே என் மகள் மல்லாக்கப் படுத்திருந்தாள். என் உள்ளங்கை அகலம்கூட இல்லாத நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதை எண்ணுவதுதான் ஆறு நாளாக என் வேலை.

எட்டு மணி. சிஸ்டர் கையைக் கழுவினார். சிரிஞ்சைக் குழாயில் மாட்டினார். புட்டியைத் திறந்து ஏழு மில்லி ஊற்ற எடுத்தார்.

நான் கண்ணாடியைத் தட்டினேன். அங்கே யாரும் தட்டக்கூடாது; மூன்று இடத்தில் எழுதிப் போட்டிருக்கிறது. சிஸ்டர் திரும்பினார்.

“குடுக்காதீங்க சிஸ்டர்” என்றேன். “அதை நான் திறந்துட்டேன்.”

வெளியே வந்து முழுவதையும் கேட்டார். ஒரு இடத்தில் மட்டும் குறுக்கே பேசினார். “பால்கோவாக் கடைக்கா?” என்றார். ஆமாம் என்றேன். “பால்கோவாக் கடைக்கு,” என்று தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு எழுந்து போய், பத்தொன்பது மில்லியையும் கைகழுவும் தொட்டியில் கவிழ்த்தார். பத்தொன்பது மில்லிக்குச் சத்தம்கூட வராது.

திரும்பி வந்து ஒரு கேள்வி கேட்டார். “அவரு, பேஷான பாலுன்னு சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க தம்பி?”

நிம்மதியாக இருந்திருப்பேன் என்றேன்.

“அம்புட்டுத்தான? அந்த நிம்மதிக்குப் பிள்ளை சோத்துல கை வச்சீங்களாக்கும். தாய்ப்பாலு நீர்க்கத்தான் இருக்கும், இனிக்கத்தான் செய்யும். எங்கிட்டக் கேட்டா நான் சொல்ல மாட்டேனா?” ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார். ராத்திரிப் பாலில் மூன்று மில்லி மிச்சம் இருந்தது. “இதை இப்பக் குடுக்கேன். பத்து மணிக்குப் பால் வந்தாகணும். போயி கோமதிப் பிள்ளைகிட்ட உள்ளதைச் சொல்லுங்க, திட்டுனா வாங்கிக்கிடுங்க. அழ மட்டும் விட்டுராதீங்க. அழுதா பால் இறங்காது.”

இதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. ஒரு மணி நேரம் வலியோடு உட்கார்ந்து எடுத்த பாலைத் தொட்டியில் கவிழ்க்க வைத்தேன் என்று சொல்ல வேண்டும்; அவள் அழக் கூடாது; இன்னொரு தடவை பீய்ச்ச வேண்டும்; பத்து மணிக்குள் பன்னிரண்டு கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். மில்லில் இவ்வளவு சிக்கலான நூல் என் கைக்கு வந்ததில்லை.

வாசலுக்கு வந்தால், அங்கே அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். வெறுங்காலோடு, மொபெட்டைப் பிடித்துக்கொண்டு. இரண்டு பக்கமும் பால் கேன் மாட்டுகிற கொக்கி. கடையை அடைத்துவிட்டு என் பின்னாலேயே வந்திருக்கிறார். உள்ளே வரக் கூச்சப்பட்டு அரை மணி நேரமாக மழையில் நின்றிருக்கிறார். என்ன ஆச்சு என்று கேட்டார். சொன்னேன். ஏறுங்க சாமி என்றார்.

அந்தப் பயணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வெற்றுக் கொக்கிகள் இரண்டும் வழியெல்லாம் கடகடவென்று அடித்துக்கொண்டு வந்தன. நடுவில் ஒரு தடவை மட்டும் அவர் திரும்பாமலே கேட்டார்: “அதுல ஒரு சொட்டு நான் குடிச்சிட்டேனே சாமி, பாவம் எம்புட்டு வரும்?” எனக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை.

எட்டு ஐம்பதுக்கு வார்டுக்குள் நுழைந்தேன். பத்து மணிக்கு மேல்தான் நான் வழக்கமாக வருவேன். கோமதி என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் தலை நனைந்து, கறுப்பு வேட்டியோடு நின்ற ஆளைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் இறங்கிவிட்டது.

“பிள்ளைக்கு என்ன?”

முதல் வாய்தாவிலேயே தோற்றுவிட்டேன் என்று தெரிந்தது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை, நல்லா இருக்கா, பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று மூன்று தடவை சொன்னேன். நம்பவில்லை. கண் நிறைந்துவிட்டது. இனி என்ன சொன்னாலும் உடைந்துவிடுவாள். அந்த நேரத்தில் என்னைத் தள்ளிக்கொண்டு அண்ணாச்சி முன்னால் வந்து, கையெடுத்துக் கும்பிட்டார்.

“மாளிகைப்புறம்,” என்றார். (மாலை போட்டவர்கள் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கோமதியை அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை.) “தப்பு எம்மேல. உங்க வீட்டுக்காரவுக பாலைச் சோதிச்சுத் தரச்சொல்லிக் கடைக்குக் கொண்டாந்தாக. எனக்கு வெவரம் தெரியாது. தண்ணி கலந்த பாலுன்னு சொல்லிப்புட்டேன். சீனி போட்டிருக்குன்னும் சொல்லிப்புட்டேன். மன்னிச்சிருங்க.”

கோமதி அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த டிபன் பாக்ஸைப் பார்த்தாள். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

“பால்கோவாக் கடைக்கா கொண்டு போனீங்க?”

ஆமாம் என்றேன்.

“வரிசையில நின்னா?”

மூன்று பேருக்குப் பின்னால் என்றேன். எனக்குப் பொய் சொல்ல வராது.

அவள் அண்ணாச்சியிடம் திரும்பினாள். “என்ன வெலை சொன்னிய?”

அண்ணாச்சி தொழில்காரர். கேள்வி வந்தவுடன் தன்னை அறியாமல் பதில் வந்துவிட்டது. “அந்தப் பாலைப் பாதி வெலைக்குக் கூட எடுக்க மாட்டேன் மாளிகைப்புறம்.”

கோமதி சிரித்தாள். சிரித்தால் தையல் வலிக்கும். வலிக்கிறது என்று தலையணையை இறுக்கிக்கொண்டு, சிரிக்க வைக்காதீங்க, சிரிக்க வைக்காதீங்க என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். அடுத்த கட்டிலில் இருந்த பெண்ணுக்கு யாரோ தெலுங்கில் விஷயத்தைச் சொல்ல, அங்கேயும் சிரிப்பு. கண்ணில் நின்ற தண்ணீரும் அந்தச் சிரிப்போடுதான் இறங்கியது. அது அழுகைக் கணக்கில் சேருமா என்று ஞானம் சிஸ்டரைக் கேட்டால்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். ஆறு நாளில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. திடீரென்று நிறுத்தி, மார்பைத் தொட்டுப் பார்த்தாள். சேலை நனைந்திருந்தது.

“ஏட்டி, அந்தத் தம்ளரை எடு” என்று அடுத்த கட்டிலுக்குத் துணையாக இருந்தவளிடம் சொன்னாள். “இவியல வெளிய அனுப்பு.”

இருபது நிமிடம். முப்பத்தொரு மில்லி. அதற்கு முன்னால் ஒரே தடவை பீய்ச்சியதில் அவ்வளவு கிடைத்ததே இல்லை. மொபெட்டில் மடியில் டிபன் பாக்ஸோடு திரும்பினேன். ஒன்பது ஐம்பத்தாறுக்குச் சிஸ்டர் கையில் கொடுத்தேன். வாங்கி, பிளாஸ்திரியைப் பார்த்து, புட்டியைப் பார்த்து, “எந்தக் கடை வழியா வந்தீங்க?” என்றார். பத்து மணிக்கு ஏழு மில்லி இறங்கியது. ஐந்து நிமிடம்.

ஞாயிற்றுக்கிழமை எடை 1,325. டாக்டரம்மா நான்கு தடவை சொன்னது போலவேதான் ஏறியது. முப்பத்து மூன்றாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கோதை என்று பெயர் வைத்தோம். இப்போது அவள் தலையில் ஒன்பது நரை. (காப்பி கொடுக்கக் குனியும்போது எண்ணினேன்.) நான் தம்ளரைக் கொஞ்சம் உயர்த்திப் பார்த்தால் போதும், “அண்ணாச்சியக் கூப்பிடட்டுமாப்பா?” என்பாள். அவளுடைய கல்யாணத்தில் அண்ணாச்சி மேடையேறி, மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு, பொண்ணு குடிச்ச பாலை நான் ருசி பாத்திருக்கேன் என்று சொல்லிவிட்டார். சம்பந்தி வீட்டாருக்கு நான் ஒன்பது தடவை விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

அவர் பெட்ரோலுக்குக் காசு வாங்கவில்லை. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஆகவே அந்தக் காலையில் எனக்கு ஆன செலவு பால் மட்டும்தான். நோட்டில் அன்றைக்கே எழுதியிருக்கிறேன்: சோதனையில் மூன்று, தொட்டியில் பத்தொன்பது, மொத்த நஷ்டம் இருபத்திரண்டு மில்லி. போன மாதம் பரணைச் சுத்தம் செய்யும்போது கோமதி அந்த நோட்டை எடுத்துப் படித்தாள். கணக்கு தப்பு என்றாள். எங்கே தப்பு என்று கேட்டேன். அண்ணாச்சி குடித்தது எப்படி நஷ்டமாகும், ஒரு வயிற்றுக்குத்தானே போனது என்றாள். யோசித்துப் பார்த்தேன். சரிதான். இருபது சொட்டு ஒரு மில்லி என்பது ஞானம் சிஸ்டர் சொல்லிக் கொடுத்த அளவு. அடித்துவிட்டுத் திருத்தி எழுதினேன்.

இருபத்தொன்று புள்ளி ஒன்பது ஐந்து மில்லி.